தொழுவமும் குடும்பமும்

கிழக்குத் தாம்பரத்தை அடுத்து மாடம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று விளங்குகிறது. இறைவன் திருப்பெயர் தேனுபுரீசுவரர் என்பது. தேனு என்பது பசுவைக் குறிக்கும் வடசொல். கபில முனிவர் பசுவாகப் பிறந்து, பால் சொரிந்து இறைவனை வழிபட்டார் எனத் தலவரலாறு கூறும். மாடு என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. திருவள்ளுவர் கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்து அப்பொருளிலேயே அச்சொல்லை ஆண்டிருக்கின்றார்.

மாடம்பாக்கம், செம்பாக்கம், சேலையூர், இராசகீழ்ப்பாக்கம் ஆகிய ஊர்கள் யாவும் ஏரிகளை உடையவை. ஏரி நீர் வற்றும் கோடையில் அதன் உட்பரப்பிலும், மற்றைக் காலங்களில் கரையிலும் புறம்போக்கிலும் கால்நடைகள் மேய்ந்து வந்தன. இன்று அந்நிலங்களிற் பெரும்பகுதி வீடுகளாயிற்று. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. எனினும், மாடி வீடுகளுக்கு இடையே கீற்றுக் கொட்டகையும், அதனுள் இரண்டு கறவைப் பசுக்களும், ஒரு கன்றும், நான்கு வெள்ளாடுகளும், பஞ்சாரத்திற் கவிழ்த்த கோழிகளுமாக வாழும் குடும்பங்கள் அப்பகுதியில் இன்னும் உள.

அத்தகைய இல்லத்தில் பொழுதை அளப்பது கடிகாரம் அன்று, பசுவின் மடியே. விடியற்காலை நான்கு மணி அளவில் இல்லத்தலைவி எழுந்து, தொழுவத்தைக் கூட்டிச் சாணத்தை அள்ளுவாள். பின்னர் மடியை நீரால் கழுவித் துடைத்துக் கன்றை அவிழ்த்து விடுவாள். கன்று முட்டி முட்டிச் சுவைத்ததும் பசு பாலை இறக்கும். இதன் காரணத்தை அறிவியலார் தெளிவாக உரைக்கின்றனர். காம்பு தொடப்பட்ட உணர்ச்சி மூளைக்குச் செல்ல, மூளையின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து ஒருவகை நீர் குருதியிற் கலந்து மடியை அடைகிறது. அதன் ஆற்றல் சில நிமிடங்களே நிற்கும். ஆதலின், கறப்பவர் ஏழெட்டு நிமிடங்களுக்குள் கறந்து முடித்தல் வேண்டும். அவ்வமயம் எவரேனும் அதட்டினாலும், நாய் குரைத்தாலும், பசு மருண்டு பாலை அடக்கிக்கொள்ளும். ஆகவே, அவ்வில்லத்துச் சிறுவர்கள் எத்துணைக் குறும்பராயினும் கறவை வேளையில் உரத்துப் பேசார். இது எவரும் பிரம்பெடுத்துக் கற்பித்த ஒழுக்கம் அன்று.

வேலைகள் இன்னாருக்கு இன்னது என வகுத்து எழுதப்படவில்லை. ஆயினும் பிறழாமல் நடைபெறுகின்றன. தந்தை மிதிவண்டியிற் பாலை எடுத்துச் சென்று வீடுதோறும் அளந்து ஊற்றித் திரும்புவார். பள்ளிக்குச் செல்லுமுன் மகன் கழுநீர்த் தொட்டியை நிரப்புவான். கறவைப் பசு ஒன்று நாளொன்றுக்கு ஐம்பது லிட்டருக்கும் மேற்பட்ட நீரைப் பருகுவதுண்டு. மகள் ஆடுகளுக்கு அகத்திக் கீரையை ஒடித்துக் கட்டுவாள். கன்று ஈன்ற பொழுது பாட்டியின் சொல்லே அங்குச் சட்டம். கன்று பிறந்த ஓரிரு மணிக்குள் சீம்பாலை ஊட்டிவிட வேண்டும் என்று அம்முதியவள் அவசரப்படுவாள். நோயை எதிர்க்கும் ஆற்றல் மனிதக் குழவிக்குக் கருவிலேயே ஓரளவு கிடைக்கிறது. பசுங்கன்றுக்கோ அது சீம்பாலின் வழியாகவே வந்து சேர வேண்டும். அதனையும் முதல் நாளுக்குள் பருகினாற்றான் கன்றின் குடல் அதை முழுமையாக ஏற்கும். காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் கூறுவதும் பாட்டி கூறுவதும் இங்கு ஒன்றே.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் மந்தை மந்தையாக மாடு வளர்ப்பர். உலகில் மிகுதியாகப் பால் பெறும் நாடாகிய இந்தியாவிலோ அப்பாலிற் பெரும்பங்கு இரண்டு மூன்று மாடுகளை உடைய சிறு குடும்பங்களிலிருந்தே வருகிறது. அச்சிறு குடும்பத்திற்கு நேர்ந்துள்ள இடர்தான் நாம் கருதத்தக்கது.

மேய்ச்சல் நிலம் குறைந்தது. தீவனத்தின் விலையோ ஏறியது. உயிர் தாங்குவதற்கு உரியது போக, கறக்கும் ஒவ்வோர் இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ அடர்தீவனம் கறவைப் பசுவுக்கு வேண்டும். தவிடும் புண்ணாக்கும் வாங்கிய கணக்கைப் பால் விற்ற கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்குங்கால், கையில் எஞ்சுவது சிறிதே. இந்நிலையிற் சிலர் கறந்தவுடன் பசுவைத் தெருவில் அவிழ்த்து விடுகின்றனர். வறுமை அவர்களை அவ்வாறு செய்விக்கிறது என்பது மெய்யே. எனினும் அச்செயல் பொருந்துவதன்று. தெருவில் அலையும் பசு, எஞ்சிய சோற்றை நாடிக் குப்பையில் வாய் வைக்கும். சோற்றோடு அதனைக் கட்டிய பிளாஸ்டிக் பையையும் விழுங்கும். பசுவின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதல் அறையில் தங்கும் அப்பை செரிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கிற் சேர்ந்து பொதியாகும். பசு உண்ண மறுக்கும், அசைபோடுதலை நிறுத்தும், மெலியும். மருத்துவர் விலாப்புறத்தைக் கீறி அப்பொதியை வெளியே எடுத்தால் ஒருகால் பிழைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தது. ஆயினும் குப்பைமேட்டில் அவை இன்னும் காணப்படுகின்றன. சோற்றைப் பையிற் கட்டி எறிபவர் மாடு வளர்ப்போர் அல்லர், கற்ற நகரத்தாரே.

கட்டி வளர்ப்போர் வேறு வழி கண்டுள்ளனர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் கரணைகளை வீட்டுப் பின்புறத்திலோ, குத்தகைக்கு எடுத்த காலி மனையிலோ ஊன்றுகின்றனர். கழுநீரும் சாணமும் அப்புல்லுக்கே உரமாகின்றன. முதல் அறுப்பிற்குப் பின்னர், ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை மறுபடியும் அறுக்கலாம். மனைக்கு உரியவர் வீடு கட்டத் தொடங்கினால் வேறு மனையைத் தேட வேண்டும் என்பதே அவர்களுக்குள்ள கவலை.

மற்றொரு கவலை ஐப்பசி, கார்த்திகை மழை. 2015ஆம் ஆண்டு திசம்பரில் அடையாற்று வெள்ளம் பெருகி, முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. கட்டுத்தறியில் பிணித்த மாடு நீந்தித் தப்ப இயலாது. அவிழ்த்து விட்ட மாடு மேட்டை நாடிச் செல்லும். ஆதலால், மழைக்கால இரவுகளில் தும்பை இறுக முடிதல் கூடாது. ஒருமுறை இழுத்த அளவில் அவிழுமாறு உருவு முடிச்சாக இடுதல் வேண்டும். இருளிலும் அம்முடிச்சைக் கை தடவி அவிழ்க்க வீட்டிலுள்ள சிறுமியும் அறிந்திருத்தல் நன்று.