பாகற்காய் மட்டும் போதுமா?

செலாயாங் மொத்தச் சந்தையில் பாகற்காய் வாங்கும்போது, "இனிப்பு நீருக்கு இதுதான் மருந்து, மாத்திரை எதுக்கு?" என்று வீட்டுப் பெரியவங்க சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதில் பாதிதான் உண்மை.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

வெந்தயத்தின் நார்ச்சத்து, சோற்றிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். இரத்தத்தில் சர்க்கரை கூடினால், உடலணுக்களைச் சிதைக்கும் மூலக்கூறுகளும் பெருகும். அவற்றைத் தணிக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் முருங்கைக்கீரையிலும் வல்லாரையிலும் உண்டு. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

ஆனால் மாத்திரையை நிறுத்திடாதீங்க! மெட்ஃபார்மின் மாத்திரைக்கே மூலம் ஒரு செடிதான். ஐரோப்பியக் கலேகா செடியின் வேதிப்பொருளிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில், 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அதை நீரிழிவு மருந்தாக அறிவித்தார். மாத்திரையில் மருந்தின் அளவு திட்டமாகத் தெரியும். ஒரு குவளைப் பாகற்சாற்றில் மருந்து எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயக்கமே வரலாம்.

மூலிகை மாத்திரை வாங்கினால் பெட்டியில் 'எம்ஏஎல்' பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் குடிக்கும் சாறு, கஷாயம் எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இளைஞர்களே, இந்த வாரம் அம்மா அப்பாவை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நீங்களும் கையை நீட்டுங்கள்.