ஈமேக்ஸ் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

ஈமேக்ஸ் கற்க வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது இதுதான்: "சார், உங்க இனிட் ஃபைலை அனுப்புங்களேன்." என்னுடையது என் கைக்குப் பழகியது, உங்களுக்கு உதவாது. உங்களுக்கென்றே சின்னதாக ஒன்று எழுதியிருக்கிறேன். அதற்கு முன் சில வார்த்தைகள்.

1. முதல் நாள் எந்த ஃபைலும் வேண்டாம். வெறும் ஈமேக்ஸைத் திறந்து கன்ட்ரோல்-எச், பிறகு டி அழுத்துங்கள். உள்ளேயே பாடம் இருக்கிறது. அதை முடிக்காதவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள்.

2. எங்காவது மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல்-ஜி.

3. இனிட்.எல் என்பது ஈமேக்ஸ் லிஸ்ப் மொழியில் எழுதிய நிரல். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் அதற்குப் பிறகு உள்ளவை வேலை செய்யாது. அதனால்தான் ஒவ்வொரு அமைப்பையும் ஒரே வரியில் அடக்கி, மேலே விளக்கமும் எழுதியிருக்கிறேன். புரியாத வரியின் முன்னால் ஒரு அரைப்புள்ளி போட்டுவிட்டு ஈமேக்ஸை மூடித் திறங்கள். என்ன காணாமல் போகிறது என்று பாருங்கள், அந்த வரியின் வேலை விளங்கிவிடும். ஈமேக்ஸ் கோளாறாகவே திறந்தால் டெர்மினலில் "--டீபக்-இனிட்" சேர்த்துத் தொடங்குங்கள், தவறு எங்கே என்று காட்டும்.

4. நான் எழுதிய ஃபைலில் இருப்பவை எல்லாம் ஈமேக்ஸோடு வருபவை. அண்மையில் திறந்த ஃபைல்களின் பட்டியல், விட்ட இடத்திலேயே கர்சர், தேர்ந்தெடுத்த பகுதியின் மேல் தட்டினால் அது அழிவது, அலைக்குறி வாலோடு ஃபோல்டரெங்கும் சிதறும் பேக்அப்களை ஒரே இடத்தில் சேர்ப்பது. அடுத்து எந்த விசை என்று கீழே காட்டும் விச்-கீ, 2025ல் வந்த 30.1 முதல் கூடவே வருகிறது. பழைய பதிப்பென்றால் அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி இல்லாமல் கை ஓடாதவர்களுக்காக சியுஏ மோடையும் வைத்திருக்கிறேன். மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

5. மற்ற விசைகளை மாற்றாதீர்கள். மாற்றினால் பாடமும் கையேடும் சொல்வது ஒன்று, உங்கள் கை செய்வது வேறொன்று என்றாகிவிடும். சுண்டுவிரல் வலித்தால் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக்குங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு என் பூரண சம்மதம்.

6. தமிழில் எழுத கணினியின் விசைப்பலகையை மாற்ற வேண்டியதில்லை. கன்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் அழுத்தி, தமிழ்99 முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே விசையால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். கணினியின் தமிழ் விசைப்பலகையில் குழம்பிப்போகும் ஈமேக்ஸ் கட்டளைகள், இந்த வழியில் குழம்புவதில்லை.

7. டூம், ஸ்பேஸ்மேக்ஸ் போன்ற ஆயத்த அமைப்புத் தொகுப்புகள் நல்லவைதாம். ஆனால் ஏதாவது உடைந்தால் கோளாறு ஈமேக்ஸினுடையதா, மேலே போர்த்தியதினுடையதா என்று புதியவருக்குத் தெரியாது. பேக்கேஜ் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மாற்றங்களைத் திரும்பப் பெற இனிட் ஃபைலை கிட்டில் (git) வையுங்கள்.

8. நாளைக்கு இந்த ஃபைலை இன்னொருவருக்குக் கொடுப்பீர்கள். அப்போது, உங்களால் விளக்கம் எழுத முடியாத வரிகளை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.