மடக்கை கேட்கும் ஒரே கேள்வி



மடக்கை என்று சொன்னால் சிலருக்குப் புரியாது, 'லாக்' என்றால் உடனே புரியும். இயற்பியல் செய்முறை அன்றைக்கு மட்டும் தூசி தட்டி எடுக்கும் அட்டவணைப் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வரும். "பெருக்கல்னா கூட்டணும், வகுத்தல்னா கழிக்கணும்" என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். ஏன் கூட்டணும், ஏன் கழிக்கணும் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். அந்த 'ஏன்' புரிந்துவிட்டால் மனப்பாடமே தேவையில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கல்வராயன் மலையில் இருக்கும் எங்கள் வீட்டுக் கடன் கணக்குக்கு மடக்கை எப்படி உதவியது என்பதையும் சொல்கிறேன்.

மடக்கை என்றால் என்ன?

உங்களிடம் 32 வெல்ல உருண்டை இருக்கிறது. தினமும் இருப்பதில் பாதியைத் தம்பி தங்கைகளுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். 32, 16, 8, 4, 2, 1. ஒரே ஒரு உருண்டை மிஞ்ச எத்தனை முறை பாதியாக்கினீர்கள்? 5 முறை. அவ்வளவுதான், 2-ஐ அடிமானமாகக் கொண்ட 32-இன் மடக்கை 5. அதாவது 2-ஐ 5 முறை பெருக்கினால் 32.

மடக்கை கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை முறை?

இந்தக் கேள்வி நம் நாட்டுக்குப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சமண அறிஞர் வீரசேனர், தவளா என்ற தம் உரை நூலில், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதற்கு 'அர்த்தச்சேதம்' என்று பெயர் சொல்லியிருக்கிறார். மூன்றால் எத்தனை முறை வகுக்கலாம் என்பது 'திரிகச்சேதம்'. ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர் தம் மடக்கை நூலை வெளியிட்டது 1614-இல்தான். அதன் பிறகு ஹென்றி பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 10-ஐ அடிமானமாக வைத்து அட்டவணை போட்டார். நம் லாக் புக்கில் இருப்பதும் 10 அடிமானம்தான். 100-க்கு மடக்கை 2, 1000-க்கு 3. இடையில் இருக்கும் எண்களுக்குத் தசமத்தில் வரும். 2-க்கு 0.3010.

மூன்று விதிகள்

மறுபடியும் வெல்ல உருண்டைக்கே வருவோம். 8-ஐ 3 முறை பாதியாக்கலாம். 4-ஐ 2 முறை பாதியாக்கலாம். 8 × 4 = 32. அதை 3 + 2 = 5 முறை பாதியாக்கலாம். எண்களைப் பெருக்கினோம், 'முறைகள்' கூடிக்கொண்டன. இதுதான் பெருக்கல் விதி.

லாக் (அ × ஆ) = லாக் அ + லாக் ஆ

இப்போது 32-ஐ 4-ஆல் வகுங்கள். 8 வரும். 5 முறையிலிருந்து 2 முறை போனால் 3 முறை. இது வகுத்தல் விதி.

லாக் (அ ÷ ஆ) = லாக் அ − லாக் ஆ

4 × 4 × 4 = 64. ஒவ்வொரு 4-க்கும் 2 முறை, மூன்று 4-க்கு 3 × 2 = 6 முறை. 64-ஐ எண்ணிப் பாருங்கள், சரியாக 6 வரும். இது அடுக்கு விதி.

லாக் (அ-இன் ந-ஆவது அடுக்கு) = ந × லாக் அ

அட, இவ்வளவுதானா என்று தோன்றுகிறதா? இவ்வளவுதான்!

இல்லாத விதிகள்

விடைத்தாளில் சில புது விதிகள் அடிக்கடி முளைக்கும். "லாக் (அ + ஆ) = லாக் அ + லாக் ஆ" என்பது அதில் முதலாவது. சோதித்துப் பார்ப்போம். லாக் 10 = 1. லாக் 10 + லாக் 10 = 2. ஆனால் லாக் (10 + 10) என்பது லாக் 20, அதாவது 1.3010. இரண்டும் ஒன்றல்ல. மடக்கை பெருக்கலை எண்ணும் கருவி, கூட்டலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, லாக் அ-வை லாக் ஆ-ஆல் வகுத்துவிட்டு அது லாக் (அ ÷ ஆ) என்பது. லாக் 1000-ஐ லாக் 10-ஆல் வகுத்தால் 3. லாக் (1000 ÷ 10) = லாக் 100 = 2. சந்தேகம் வந்தால் 10, 100, 1000 என்று எளிய எண்களைப் போட்டுப் பாருங்கள், பொய் விதி உடனே மாட்டிக்கொள்ளும்.

மலையேறும் கணக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், மேலே ஏற ஏற காது அடைத்துக்கொள்ளும். காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். அது எப்படிக் குறைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரே அளவு கழிவதில்லை. அங்கே இருக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய ஒரே பங்கு குறைகிறது. அதாவது மறுபடி மறுபடி ஒரே எண்ணால் பெருக்குவது போல. பெருக்கல் வந்துவிட்டால் மடக்கையும் வந்துவிடும். காற்றின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது, தோராயமாக:

உயர வேறுபாடு (மீட்டரில்) = 20,000 × (லாக் கீழ் அழுத்தம் − லாக் மேல் அழுத்தம்)

மலையடிவாரத்தில் 995 மில்லிபார், மேலே 915 மில்லிபார் என்று வைத்துக்கொள்வோம். லாக் 995 = 2.9978. லாக் 915 = 2.9614. கழித்தால் 0.0364. இதை 20,000-ஆல் பெருக்கினால் 728 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 2,400 அடி. அளவு நாடா இல்லாமலே மலையை அளந்துவிட்டோம். காற்றழுத்தமானி உள்ள கைபேசி யாரிடமாவது இருந்தால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களும் செய்து பார்க்கலாம்.

கடன் கணக்கு

மலையில் எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு போடுகிறோம். பத்து மாதத்துக்கு மேல் காத்திருந்தால்தான் காசு. நடவுக்கு அப்பா ஒருவரிடம் 20,000 ரூபாய் கடன் வாங்கினார். மூணு ரூபா வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். வட்டி கட்டாத மாதம் அந்த வட்டியையும் அசலோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். "மாசம் அறுநூறு தானே, கிழங்கு புடுங்கினதும் மொத்தமா கட்டிடலாம்" என்பது அப்பாவின் கணக்கு.

வட்டியைக் கட்டாமலே விட்டால் இந்தக் கடன் எத்தனை மாதத்தில் இரண்டு மடங்காகும்? மாதாமாதம் 1.03-ஆல் பெருகுகிறது. எத்தனை முறை பெருக்கினால் 2 வரும்? பாருங்கள், அதே கேள்வி! அடுக்கு விதிப்படி,

மாதங்கள் × லாக் 1.03 = லாக் 2
மாதங்கள் = 0.3010 ÷ 0.0128 = ஏறக்குறைய 23½

இரண்டாம் வருஷம் முடிவதற்குள் 20,000 ரூபாய் 40,000 ஆகிவிடும். 24 மாத முடிவில் சரியாகப் பார்த்தால் 40,656 ரூபாய். மாதம் அறுநூறு என்று மட்டும் கூட்டினால் 34,400-தான் வரும். நடுவில் இருக்கும் 6,256 ரூபாய் வட்டிக்கு வட்டி. இரண்டு தடவை கிழங்கு பிடுங்குவதற்குள் கடன் இரட்டிப்பு! அதே பணம் ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் 0.3010 ÷ 0.0294, இரட்டிப்பாக 10 வருஷத்துக்கு மேல் ஆகும்.

விடுமுறையில் இந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு லாக் தெரியாது. ஆனால் 24 மாதக் கணக்கையும் வரிசையாக எழுதிக் காட்டியதும் விரல் வைத்து ஒவ்வொரு மாதமாகப் பார்த்தார். "அப்ப வட்டிய மாசாமாசம் கட்டிடணும், அசலோட சேர விடக்கூடாது" என்றார். அடுத்த நடவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கலாம் என்றும் முடிவு செய்தார். அளவுக்கு மீறி வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் இருக்கிறது. இதையும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள் நண்பர்களே.

நமக்கு மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் மடக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். எது எதுவெல்லாம் மடங்கு மடங்காகப் பெருகுகிறதோ, குறைகிறதோ, அங்கெல்லாம் 'எத்தனை முறை?' என்று கேளுங்கள். லாக் புக் பதில் சொல்லும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. அஞ்சு ரூபா வட்டியில் கடன் எத்தனை மாதத்தில் இரண்டு மடங்காகும்? (லாக் 1.05 = 0.0212)

2. லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771. லாக் புக்கைத் திறக்காமல் லாக் 12, லாக் 5 இரண்டையும் கண்டுபிடியுங்கள்.

3. 2-ஐ 100 முறை பெருக்கினால் வரும் எண்ணில் எத்தனை இலக்கங்கள் இருக்கும்?

விடைகள் (போட்டு முடித்த பிறகே பார்க்கவும்): 1. ஏறக்குறைய 14 மாதம். 2. லாக் 12 = 1.0791, லாக் 5 = 1 − 0.3010 = 0.6990. 3. 100 × 0.3010 = 30.10, ஆகவே 31 இலக்கங்கள்.



— பதினொன்றாம் வகுப்பு மாணவி