போருக்குப் பின் பணிமனை: பொன்மலையும் குன்னூரும்

அவலாஞ்சி என்னும் பெயர் சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபேயாகும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த பெரும் மண்சரிவு ஒன்றினால் அப்பெயர் அமைந்தது என்பர். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டி நாடெங்கும் பேசப்பட்டதும் அவ்வூரே. அங்கு இருப்புப்பாதை இல்லை. இரயிலைக் காண உதகைக்குத்தான் வரவேண்டும். எனினும், மலையில் எதனையும் ஒருமுறை கட்டிவிட்டால் போதாது, கட்டியதைச் செப்பனிடும் கையும் அருகே இருத்தல் வேண்டும் என்பதை அவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் ஏறிவந்த நீலகிரி மலை இரயில் இன்றளவும் ஓடுவதற்குக் குன்னூர் எஞ்சின் கொட்டகையும், அதற்குப் பின்னே நிற்கும் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையும் காரணங்களாம். இரண்டு உலகப் போர்களுக்குப் பின்னும் அப்பணிமனை எவ்வாறு அமைந்தது, எவ்வாறு மாறியது என்பதையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் நலம். கொட்டகை என்பது ஓடும் எஞ்சின் ஒவ்வொரு நாளும் திரும்பிவந்து சாம்பல் தட்டி, நீர் நிரப்பி, எண்ணெயிட்டு, சிறு பழுது நீக்கிக்கொள்ளும் இடம். மக்கள் வழக்கில் அது ‘ஷெட்’. பணிமனையோ, குறித்த காலம் ஓடிய எஞ்சினை முற்றாகப் பிரித்து, கொதிகலன் வேறு, சக்கரம் வேறு, உருளை வேறு எனச் சோதித்து மீண்டும் கோத்து அனுப்பும் இடம். ‘செப்பனிடுதல்’ என்னும் நம் சொல்லில் உள்ள ‘செப்பம்’ செம்மையையும் நேர்மையையும் குறிப்பது. ஆங்கிலத்தில் பழுது நீக்கல் மட்டுமே தோன்றுமிடத்தில் தமிழ், பொருள் தன் நேர்நிலைக்கு மீள்வதைச் சொல்கிறது.

தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியின் தலைமைப் பணிமனை முன்னர் நாகப்பட்டினத்தில் இருந்தது. நாகூர்க் கந்தூரிக்குச் செல்வோர் கடந்துசெல்லும் அந்நகருக்கு அதுவே பெரும் பிழைப்பு. முதல் உலகப் போருக்குப் பின், பாதைகள் கூடும் நடுவிடமாகிய திருச்சியை அடுத்துப் புதிய பணிமனை அமைக்கக் கம்பெனி முடிவு செய்தது. 1926 முதல் வேலை நடந்து 1928-இல் பணிமனை பொன்மலைக்கு மாறிற்று. கடற்கரை மூலையிலிருந்து பாதைகளின் நடுவுக்கு வருவதால் பழுதுற்ற எஞ்சின் வெற்றாக ஓடும் தொலைவு குறையும். புதுநிலத்தில் கட்டும்போது வார்ப்படம், கொல்லுலை, கடைசல், கொதிகலன், கோப்பு ஆகிய பிரிவுகளை வேலை செல்லும் வரிசையிலேயே நிறுத்தலாம். பகுதி பகுதியாக வளர்ந்த பழைய பட்டறைகளில் இது இயலாது. தொழிலாளர் குடியிருப்பும் உடன் எழுந்தது. பொறியியல் நோக்கில் இது சிறந்த திட்டமே.

ஆயின் அத்திட்டத்தின் கணக்கில் ஆட்கள் மிகுதியாயினர். ஆட்குறைப்பை எதிர்த்து 1928 சூலையில் தென்னிந்திய இரயில்வே முழுதும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதில் முன்னின்ற சிங்காரவேலர் சிறை சென்றார். எந்திரத்தை நாகையிலிருந்து பெயர்த்து வண்டியேற்றலாம். இருபதாண்டு உளி பிடித்த கையை வேண்டாமென்று விட்டுவந்தால் மீண்டும் எங்கே தேடுவது?

இரண்டாம் உலகப் போர் இப்பணிமனையை வேறு வகையில் சோதித்தது. அரச விமானப் படையின் விமானங்களைச் செப்பனிடும் வேலையும் பொன்மலையின் மேல் விழுந்தது. இந்திய எஞ்சின்களும் தண்டவாளங்களும் கடல் கடந்து போர்முனைகளுக்குச் சென்றன. மதுரை–போடிப் பாதையும், நீலகிரியின் மேற்கு அடிவாரத்து நிலம்பூர்ப் பாதையும் பெயர்க்கப்பட்டு, 1950-களில்தான் மீண்டும் இடப்பட்டன. எஞ்சியிருந்த எஞ்சின்களோ உரிய காலத்தில் பணிமனை காணாமல் மிகையாக ஓடித் தேய்ந்தன. ஐரோப்பாவில் குண்டு விழுந்து பணிமனைகள் அழிந்தன. இங்கே கூரை நின்றது, உள்ளே வேலை குவிந்தது. இரண்டுமே போரின் அழிவுதான்.

போருக்குப் பிந்திய சீரமைப்பின் சாரம் ஒருமைப்படுத்தலில் இருந்தது. பல வகை எஞ்சின்கள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிப்பாகம், தனி அளவுகோல் வேண்டும். பண்டகசாலை பெருகும், எஞ்சின் காத்துக்கிடக்கும். எனவே மீட்டர் பாதைக்கு ஒய்.பி., ஒய்.ஜி. என்னும் பொது வகைகள் வந்தன. 1945-இல் தோன்றிய டெல்கோ ஜாம்ஷெட்பூரில் எஞ்சின் கட்டத் தொடங்கிற்று. 1950-இல் சித்தரஞ்சன் தன் முதல் எஞ்சினை அளித்தது. நீலகிரி மட்டும் இவ்வொருமைக்குள் அடங்கவில்லை. பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் பாதையில் பல்தண்டவாளத்தைப் பற்றி ஏற நான்கு உருளை எஞ்சின் தேவை. முதலிரு உருளைகளில் உழைத்த நீராவியே மற்ற இரண்டிலும் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றும். 1914 முதல் அவ்வெஞ்சின்களை அளித்த சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர்த் தொழிற்சாலையிலிருந்தே 1952-இலும் ஐந்து வந்தன.

இதற்கிடையில் 1946-ஐ நாம் மறத்தலாகாது. போர் முடிந்ததும் இந்திய இரயில்வேக்கள் எங்கும் ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தது. போர்க்காலத்தில் இரவுபகலாய் எந்திரத்தருகே நின்றவர்கள் போர் ஓய்ந்ததும் ‘உபரி’ ஆயினர். தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத் திடலில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐவர் மாண்டனர். சீரமைப்பு வரலாறு எழுதுவோர் பாரந்தூக்கிகளின் திறனைப் பதிவுசெய்யும் அளவுக்கு இந்நாளைப் பதிவுசெய்வதில்லை. 1928-இன் கணக்குப் பிழையே 1946-இல் குருதியோடு திரும்பிவந்தது என்பது நம் கருத்து.

விண்டர்தூர்த் தொழிற்சாலை நீராவி எஞ்சின் கட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. உதிரிப்பாகம் கேட்க இடமில்லை. குன்னூர்க் கொட்டகையில் தேய்ந்ததை அளந்து, பொன்மலையில் வார்த்துக் கடைந்து, மீண்டும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் தலைமுறைகளாகக் கைமாறி வந்தது. 2005-இல் யுனெஸ்கோ இம்மலைப்பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2011 முதல் சில ஆண்டுகளில் எண்ணெயால் எரியும் நான்கு புதிய நீராவி எஞ்சின்களைப் பொன்மலையே கட்டி மலைக்கு அனுப்பியது. 1952-க்குப் பின் இப்பாதைக்குக் கிடைத்த முதற் புது எஞ்சின்கள் அவையே. வடகிழக்குப் பருவமழையில் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரியும்போது அவை சில நாள் நிற்கின்றன. பாதை துலங்கியதும் மீண்டும் பற்களைப் பற்றி ஏறுகின்றன.