பயப்படுகிறவர் முன்னால் ஏறட்டும்

குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் பழைய கோபுரம் ஒன்றாவது இருக்கும். வீட்டில் ஒருவருக்காவது உயரம் என்றாலே உள்ளங்கால் கூசும். அப்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. “நீ கீழேயே உட்கார்ந்திரு, நாங்கள் போய் வந்துவிடுகிறோம்” என்று அவரை விட்டுவிட்டுப் போகிறார்கள். இல்லையென்றால், “கீழே பார்க்காதே, விறுவிறுவென்று ஏறிவிடு” என்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பயப்படுகிறவருக்கு வேண்டியது நேரமும், எந்தப் படியிலிருந்தும் திரும்பிவிடலாம் என்ற உரிமையும்தான். இந்த இரண்டும் கிடைப்பது அவருடைய தைரியத்தைப் பொறுத்ததல்ல, கூட வருகிறவர்கள் போடும் திட்டத்தைப் பொறுத்தது.

இதற்கு நான் காட்டும் முதல் சான்று ஜெர்மானியக் கவிஞர் கோத்தே. 1770இல் சட்டம் படிக்க ஸ்ட்ராஸ்பர்க் வந்தபோது அவருக்கு உயரத்தில் தலை சுற்றும். அந்த ஊர்ப் பேராலயக் கோபுரத்தின் உயரம் 142 மீட்டர். அக்காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். அதன் உச்சிக்கு அவர் தனியாக ஏறினார். மேலே போனதும் வெளியே வந்து நின்றுவிடவில்லை. முடிக்குச் சற்றுக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அதன் பிறகுதான் பிடிமானம் எதுவும் இல்லாத சிறிய மேடையில் கால் வைத்தார். அந்த வேதனை பழகிப்போகும்வரை திரும்பத் திரும்ப ஏறியதாகத் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் மலைகளில் அலைவதற்கும் இது உதவியதாம். இதில் மேடையைவிட அந்தக் கால் மணி நேரம்தான் என் கண்ணில் படுகிறது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை, பின்னால் வரிசை நிற்கவில்லை, போவதும் நிற்பதும் அவர் முடிவாக இருந்தது. இன்று உளவியல் சிகிச்சையில் பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் முறைக்கும் அடிப்படை இதுவே. பயம் உச்சத்தில் இருக்கும்போதே ஓடி இறங்கிவிட்டால், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்றே மனம் பதிவு செய்துகொள்ளும். பயம் தணியும்வரை அங்கேயே இருந்துவிட்டு இறங்கினால் வேறு விதமாகப் பதியும்.

உடலும் இதையே சொல்கிறது. நேராக நிற்கும்போதும் நம் உடல் லேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அருகிலிருக்கும் சுவர், தூண், மரம் போன்றவை நகர்வதுபோல் தெரிவதை வைத்துக் கண் அந்த ஆட்டத்தைக் கணித்துச் சரிசெய்கிறது. உயரத்தில் பார்வைக்குக் கிடைப்பதெல்லாம் வெகு தொலைவில் இருப்பதால் அந்தக் கணிப்பு தடுமாறுகிறது, ஆட்டம் கூடுகிறது. தாமஸ் பிராண்ட் முதலிய ஜெர்மன் நரம்பியலாளர்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். ஆகவே அந்தத் தலைசுற்றல் கோழைத்தனத்தின் அடையாளமே அல்ல. நிவாரணமும் இதிலேயே இருக்கிறது: சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பது, உட்கார்வது, கைப்பிடியைப் பற்றிக்கொள்வது, அசையாத கல் ஒன்று பார்வை ஓரத்தில் இருக்கும்படி தொலைவைப் பார்ப்பது. தலையை அண்ணாந்து ஓடும் மேகத்தைப் பார்ப்பதும், கேமராவைக் கண்ணில் வைத்தபடி நடப்பதும் தலைசுற்றலைக் கூட்டும். “கீழே பார்க்காதே” என்பதைவிட “முதலில் சாய்ந்து நில்” என்பது பயனுள்ள சொல்.

எந்தக் கோபுரம் என்பதைத் தீர்மானிக்கும்போது மீட்டர் கணக்கை மட்டும் பார்க்கக் கூடாது. ஃப்ளாரன்ஸில் புருனெலெஸ்கி கட்டிய குவிமாடத்துக்கு 463 படிகள். குவிமாடத்தின் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே, வளைந்து ஒடுங்கும் வழியில், நேரம் குறித்த டிக்கெட்டோடு, கூட்டத்தின் வேகத்துக்கு ஏற வேண்டும். அதன் பக்கத்திலேயே நிற்கும் ஜோட்டோவின் மணிக்கூண்டுக்கு 414 படிகள். ஆனால் வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கித் திரும்பவும் இடம் தரும் அகன்ற தளங்கள் அதில் உண்டு, மேலே கம்பி வலையும் இருக்கிறது. குவிமாடத்தை முழுதாகப் பார்க்கவும் அதுவே நல்ல இடம். பயப்படுகிறவர் இருக்கும் குடும்பம் தயங்காமல் மணிக்கூண்டையே தேர்ந்தெடுக்கலாம். பைசா கோபுரம் 60 மீட்டர்கூட இல்லை. என்றாலும் அதன் சாய்வால் படிகள் ஒரு பக்கமாக இழுக்கும். கண் ஒன்று சொல்ல, உட்காது வேறொன்று சொல்லும். எளிதில் தலை சுற்றுகிறவருக்கு அது முதல் கோபுரமாக இருக்க வேண்டாம். லண்டன் புனித பால் பேராலயத்தில் 376 படிகளில் கனத்த கல் கைப்பிடிச் சுவரோடு ஒரு மாடம் வரும். 528ஆவது படியில் இருக்கும் மாடத்துக்குப் போக இரும்புச் சுழல்படி ஏற வேண்டும். கல் மாடத்தோடு நின்றவரும் லண்டனைப் பார்த்தவர்தான். ரோமில் புனித பீட்டர் பேராலயத்தில் கூரைவரை லிஃப்ட் இருப்பதால், முழங்கால் வலிக்கிற பாட்டியும் அங்கே வந்துவிடலாம். அதற்கு மேலே உள்ள 320 படிகளை விரும்புகிறவர்கள் மட்டும் ஏறட்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஒரு முறை ஏறிப் பார்ப்பதும் நல்லது. வருவது உயரத்தின் பயமா, குறுகிய படிக்கட்டின் மூச்சுமுட்டலா என்பது அங்கேயே தெரிந்துவிடும். உயரத்துக்குப் பயப்படுகிறவருக்குச் சுவர் சூழ்ந்த சுழல்படி பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. மாடத்தில் கால் வைக்கும்போதுதான் சிக்கல். குறுகிய இடத்தில் மூச்சுமுட்டுகிறவருக்கு நேர்மாறு.

பயம் ஓர் எச்சரிக்கை, அதற்குக் கட்டுப்படுவதுதானே அறிவு என்று கேட்பார்கள். குதுப்மினாரை உதாரணம் காட்டவும் செய்வார்கள். 1981 டிசம்பர் 4 அன்று அதன் படிக்கட்டில் விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். பலர் பள்ளிப் பிள்ளைகள். அன்றோடு அதன் உள்ளே ஏறுவது நிறுத்தப்பட்டது. அந்தக் கேள்வியை நான் லேசாக ஒதுக்கவில்லை. ஆனால் அங்கே உயிரைப் பறித்தவை இருட்டும், கட்டுப்பாடில்லாத கூட்டமும், ஒதுங்க இடமில்லாத ஒற்றைப் படிக்கட்டும். எனவே விலகி நிற்க வேண்டியது நெரிசலைக் கண்டுதான். காலையில் திறந்தவுடன் உள்ள நேரத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், உள்ளே விடும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் கோபுரமாகப் பார்க்க வேண்டும், மேலிருந்து கும்பலாக இறங்கும் சத்தம் கேட்டால் அடுத்த தளத்தில் ஒதுங்கி வழி விட வேண்டும். இதயக் கோளாறும் மூச்சிரைப்பும் முற்றிலும் வேறு கணக்கு. கொலோன் பேராலயத்தின் 533 படிகளுக்கு லிஃப்ட் இல்லை. அங்கே மருத்துவர் சொல்லே முடிவு.

திரும்பலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் உச்சிக்குப் போகமாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. நான் இதை ஏற்கவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவர்தான் அறையில் நிம்மதியாக உட்காருவார். குழந்தைகளிடம் இது இன்னும் முக்கியம். தம்பி ஏறிவிட்டான் பார் என்று ஒப்பிட்டு ஏற்றிவிட்ட குழந்தைக்கு, உச்சியைப் பற்றி நினைவில் நிற்பது தன் அவமானம் மட்டும்தான். பைசாவில் 8 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற விடுவதே இல்லை. வயதைத் தாண்டிய குழந்தையிடமும், “இந்தத் தளம் போதுமா, இன்னும் ஒன்று பார்ப்போமா?” என்று உண்மையாகக் கேட்க வேண்டும், போதும் என்றால் பெரியவர் ஒருவர் முகம் சுளிக்காமல் கூடவே இறங்க வேண்டும். அந்தப் பெரியவர் யார் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் தகராறு படிக்கட்டிலேயே நடக்கும்.

ஏறும்போது பயப்படுகிறவர் முன்னால் போகட்டும். அவர் நடைதான் எல்லோருடைய நடையாகவும் இருக்கும். பின்னால் தங்கினால் அவர் விரட்டிக்கொண்டே வர வேண்டியிருக்கும். இறங்கும்போது இந்த வரிசை மாற வேண்டும். சுழல்படியில் பலருக்கு இறங்குவதுதான் கடினம், ஏனென்றால் அப்போது பள்ளம் கண்ணுக்கு நேராக இருக்கிறது. அவருக்கு இரண்டு படி கீழே ஒருவர் நடந்தால் அந்த முதுகு பள்ளத்தை மறைத்துவிடும். சுழல்படியின் வெளிப்பக்கம் அகலம், உள்பக்கம் கூர்மை. அதனால் அவர் வெளிச்சுவரை ஒட்டி, ஒரு கையைச் சுவரில் வைத்து, பாதம் முழுவதும் பதிய இறங்கட்டும். எதிரே ஏறி வருகிறவர்கள் உள்பக்கமாகப் போய்க்கொள்வார்கள்.