எழுத்தும் ஓர் எண்ணே!

இயற்கணிதம் என்றதும் நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. எங்கள் தோழி ஒருத்தி, ‘எனக்கு அது வராது’ என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு கட்டிவிட்டாள். பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவே வேண்டாம் என்கிறாள். அவளுடைய பழைய நோட்டைப் புரட்டினோம். 2ம + 3வ = 5மவ என்று எழுதியிருந்தாள்; சிவப்பு மையில் அடித்திருந்தது. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டோம். “‘ம’ மாம்பழம், ‘வ’ வாழைப்பழம். சேர்த்தால் ஐந்து பழங்கள்தானே?” என்றாள்.

‘ம’ என்பது பழம் அன்று, ஓர் எண். ஒரு மாம்பழத்தின் விலை ‘ம’ ரூபாய், ஒரு வாழைப்பழத்தின் விலை ‘வ’ ரூபாய் என்க. ம = 10, வ = 5 ஆனால், 2ம + 3வ = 35. ஆனால் 5மவ = 250!

ஆகவே, இயற்கணிதம் கற்பிக்கப் போகிறவர் விதிகளை அறிந்தால் மட்டும் போதாது. மாணவி எதை நினைத்துத் தவறினாள் என்று கேட்டறியவும் பழக வேண்டும்.

தாம்பரத்தில் நாம் ஏறும் மின்சார ரயில் கடற்கரை நிலையத்தைச் சென்றடைகிறது. அதற்கு அருகில் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தவர் பி. கே. ஸ்ரீனிவாசன் (1924–2005). இராயபுரத்தில் 1993-இல் இராமானுஜன் அருங்காட்சியகம் அமைய உழைத்தவரும் இவரே. எண்களின் ஒழுங்கைப் பேசும் மொழியே இயற்கணிதம் என்று இவர் ஆசிரியர்களுக்கு எடுத்துரைத்தார். முதலில் எண்களைப் பார்ப்பது, பிறகு வாயால் சொல்வது, கடைசியில் எழுத்தால் எழுதுவது.

இந்த வழியில் தோழியிடம் ஒரு மாத நாட்காட்டியைக் கொடுத்தோம். கிழமைகள் மேல்வரிசையில் இருந்தன. நான்கு தேதிகள் கொண்ட ஒரு சதுரத்தை எடுத்தாள்: மேலே 8, 9, கீழே 15, 16. குறுக்கே பெருக்கினாள். 9 × 15 = 135; 8 × 16 = 128. வித்தியாசம் 7. வேறு சதுரங்களிலும் 7-தான்! “வலப்பக்கம் ஒன்று கூடுகிறது, கீழே ஏழு கூடுகிறது” என்று அவளே சொன்னாள். முதல் தேதியைக் ‘க’ என்று வைத்து எழுதினாள்:

(க + 1)(க + 7) – க(க + 8) = 7.

கணிதப் பிரிவைப் பற்றி அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் ‘வராது’ என்பதை விட்டுவிட்டாள்.

பி.எட். பயிலும் அக்காமார் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். அவர்களிடம் நம் தவறுகளை மறைக்காமல் காட்டுவோம். நம் தவறும் அவர்களுக்கு ஒரு பாடம் அன்றோ?