கிணற்று நீரும் கிருமித் தொற்றும்

கேள்வி: பம்மல் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வீட்டுக் கிணற்று நீரைக் கிருமிகளிலிருந்து காப்பது எவ்வாறு?

பதில்: 2024 டிசம்பரில் பம்மலை அடுத்த பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, பேதியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, மழைக்காலத்தில் குடிநீர் குறித்து எழும் அச்சம் வீணன்று என்பதை உணர்த்துகிறது. மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா 100 மில்லி குடிநீரில் ஒன்றுகூட இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் தொலைவு வேண்டும். அரை கிரவுண்டு மனைகளில் இது பெரும்பாலும் இயலாது என்பதால், உறையின் மேல்பகுதியில் உள்ள விரிசல்களைச் சிமென்டால் அடைத்து, சுற்றிலும் சரிவான மேடை கட்டி, வாயை மூடிவைப்பது இன்றியமையாதது. வெள்ளம் புகுந்த கிணற்றில் முதலில் நீரை இறைத்துத் தூர்வாரிய பின், புதிதாக ஊறிய நீரில் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் வீதம் தரமான பிளீச்சிங் பவுடரை, வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்க வேண்டும்; ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் அளவு போதுமானது, இல்லையேல் கூட்ட வேண்டும். அதன் பின்னரும் குடிக்கும் நீரைக் கொதிக்கவைப்பதே பாதுகாப்பு. ஆயினும் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் நெடுங்காலம் இயங்கிய இப்பகுதியில் நிலத்தடி நீரில் கலந்திருக்கக்கூடிய குரோமியத்தைக் குளோரினோ கொதிக்கவைத்தலோ அகற்றாது. எனவே ஆய்வகத்தில் கிருமி, குரோமியம் இரண்டையும் சோதித்த பின்னரே அந்நீரைப் பருக வேண்டும்.